அட்டவணையில் நான் எழுதாத வரி

எட்டு வயதில் லண்டனுக்கு வந்தேன். ஒன்பது வயதில் வீட்டுப் படிவங்களை நிரப்பத் தொடங்கினேன். அப்பா மன்னாரில் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அம்மாவுக்குத் தன் பெயரை எழுத வரும், அதுவும் ஒவ்வோர் எழுத்தாக யோசித்து. ஆகவே நகரக் கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தால் அதை உடைக்காமலே என் பாடப் புத்தகங்களுக்கு மேல் வைத்துவிடுவார்கள். நான் சாப்பாட்டு மேசையில் ஒரு மூலையைத் துடைத்துவிட்டு, கறுப்புப் பேனையால், எழுத்து பெட்டிக்கு வெளியே போகாமல் நிரப்புவேன்.

ஒருமுறை வீட்டு உதவிப் பணத்துக்கான ஒரு படிவத்தில், வீட்டில் வேறு யாரும் தங்கியிருக்கிறார்களா என்று கேட்டிருந்தார்கள். மாமா அப்போது எங்கள் முன்னறை சோபாவில் ஏழு மாதமாகப் படுத்திருந்தார். என்ன எழுதுவது என்று அப்பாவைக் கேட்டேன். "நீயே பாத்துச் செய்யன்" என்றார். அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டேன். ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. "படிச்ச பிள்ளை" என்று அப்பா என் தலையைத் தடவினார். பொய் எழுதினால் பிடிபடலாம், எழுதாமல் விட்டால் ஒருவரும் கவனிப்பதில்லை என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

பல வருடங்கள் கழித்து லண்டனின் பாரிங்டன் பகுதியில் ஓர் அலுவலகத்தில் அதே பழக்கத்தால் ஒரு மனிதருடைய வேலையைக் கெடுத்தேன். அதைத்தான் எழுத வந்தேன்.

எங்களுடையது ஆறு பேர் வேலை செய்த சின்ன நிறுவனம். கப்பலில் வரும் சரக்குக்கு ஓர் உரிமைப் பத்திரம் உண்டு. சரக்கு நடுக்கடலில் இருக்கும்போதே அந்தப் பத்திரம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும். கடதாசியில் நடந்துகொண்டிருந்த அந்தக் கைமாற்றத்தைப் பிளாக்செயினில் நடத்துவது எங்கள் வேலை. பிளாக்செயின் என்றால், ஒரே பதிவேட்டைப் பல ஊர்களில் இருக்கும் பல கணினிகள் சேர்ந்து வைத்திருப்பது. நாங்கள் எழுதும் நிரல் அந்தக் கணினிகள் எல்லாவற்றிலும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி ஓட வேண்டும். அதற்காக எல்லாவற்றுக்குள்ளும் ஒரே வகையான ஒரு கற்பனை இயந்திரத்தை வைத்திருக்கிறார்கள். அதன் பெயர்தான் விர்ச்சுவல் மெஷின். அவற்றில் பல வகை உண்டு. தொடக்கத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்திரங்களை ஏற்றியபிறகு மாற்றுவது, வீட்டைக் கட்டி முடித்தபின் அத்திவாரத்தை மாற்றுவது போன்ற வேலை.

எங்கள் முன்னால் இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று பழையது. அதன் மொழி கவனக்குறைவைக் கண்டுகொள்ளாது. ஒரே பத்திரத்தை இரண்டு பேருக்குக் கொடுக்கும் நிரலை எழுதினாலும் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதைச் சுற்றிப் பலர் பல வருடங்களாகக் கருவிகள் செய்து வைத்திருந்தார்கள். முக்கியமானது டீபக்கர். ஓடும் நிரலை நினைத்த வரியில் நிறுத்தி, ஒவ்வொரு படியாக நகர்த்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க உதவும் கருவி அது. மற்றது புதியது. அதில் ஒரு பத்திரத்தை நகலெடுக்கவோ தொலைக்கவோ மொழியே விடாது. எழுதும்போதே கையைப் பிடித்து நிறுத்தும். எனக்கு அது அழகாக இருந்தது. ஆனால் யார் கைமாற்றலாம், எந்த நாள்வரை கைமாற்றலாம் என்பது போன்ற பிழைகளை எந்த மொழியும் பிடித்துத் தராது. அப்படி ஒன்று நேர்ந்தால் புதிய மெஷின் 'நிறுத்தம்: 7' என்று ஓர் எண்ணை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும். எந்த வரி, என்ன மதிப்பு, ஒன்றும் சொல்லாது. டீபக்கர் இல்லை.

பிழை தேடுவதற்கென்றே எங்களிடம் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தவர், ஐம்பதை நெருங்கியவர். அகதியாக வந்து ஹரோவில் ஒரு பெற்றோல் ஷெட்டில் பல வருடம் நின்றவர். ஷெட்டில் நின்றுகொண்டே மாலை வகுப்புக்குப் போய் டெஸ்டிங் படித்து, இந்தத் துறைக்கு வந்து சேர்ந்தவர். அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தம், எனக்கு நிரந்தர வேலை. அலுவலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழர். அவர் மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் வருவார், நான் இல்ஃபோர்டிலிருந்து எலிசபெத் லைனில். முதலில் வந்தவர் மற்றவரின் கதிரையில் பையை வைத்து இடம்பிடிப்பதாக ஒரு விளையாட்டு. ஊர்ப் பட்டப்பெயரில் சீண்டிக்கொள்வோம்: மன்னாரானுக்குக் கழுதை, யாழ்ப்பாணத்தானுக்குப் பனங்கொட்டை.

"மன்னார்க் கழுதை இண்டைக்கு நேரத்துக்கு வந்திட்டுது போல?"

"பனங்கொட்டை சூப்பிக்குக் கண் தெரியுது போல, அண்ணை."

"கண் தெரியாமலோ உன்ர நிரலில நேற்று மூண்டு ஓட்டை பிடிச்சனான்?"

அவருடைய மேசையில் எப்போதும் கணக்கெழுதும் நீளமான நோட்டு ஒன்று, சீ.ஆர். கொப்பி என்போம், இருக்கும். பழைய மெஷினின் டீபக்கரில் நிரலை ஒவ்வொரு படியாக நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் வந்த மதிப்பை அந்தக் கொப்பியில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு எழுதுவார். இந்தக் காலத்தில் யார் அப்படிச் செய்வார்கள் என்று நாங்கள் சிரிப்போம். ஆனால் மற்ற ஐந்து பேரும் சேர்ந்து பிடித்ததைவிட அந்தக் கொப்பி பிடித்த பிழைகள் அதிகம்.

எங்கள் தலைமைப் பொறியாளர் யோர்க்‌ஷயர்ப் பெண், நேராகப் பேசுகிறவர். ஒருநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ஒரே சிறிய நிரலை இரண்டு மெஷினுக்கும் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஐந்து பிழைகளை ஒளித்திருக்கிறேன். நீங்கள் இருவரும் இரண்டிலும் தேடுங்கள். நமக்குக் கருவிகள் எங்கே கைகொடுக்கின்றன, எங்கே கைவிடுகின்றன என்று தெரிய வேண்டும்." பிறகு என்னைப் பார்த்து, "நீ அட்டவணை போட்டுத் தா" என்றார்.

பழைய மெஷினில் அண்ணை முதல் நாளே ஐந்தையும் பிடித்துவிட்டார். எனக்கு அடுத்த நாள் மத்தியானம் வரை எடுத்தது. புதிய மெஷினில் நான் ஒரே நாளில் ஐந்தையும் பிடித்தேன். அவர் மூன்று நாள் இருந்தார். இரண்டுதான் கிடைத்தன.

மூன்றாம் நாள் அவர் கதிரையைத் திருப்பாமலே கேட்டது ஞாபகம் இருக்கிறது.

"தம்பி, ஏழு எண்டா என்ன?"

"அது நிரல் எழுதின ஆள் வச்ச நம்பர் அண்ணை. எங்க வச்சிருக்கிறா எண்டு தேடிப் பாக்கவேணும்."

"ஏழு நாலு இடத்தில கிடக்கு."

"அப்ப நாலையும் பாருங்கோ."

"பாத்தன். நாலும் பூசைக்கு வந்த பிள்ளையள் மாதிரி அடக்கமா நிக்குதுகள்." கண்ணாடியைக் கழற்றி வயிற்றுப் பக்கச் சட்டையில் துடைத்தார். "நீ எப்பிடியடா பிடிச்சனீ?"

"பழக்கம் அண்ணை" என்றேன்.

அது முழு உண்மையில்லை. ஒரு வருடமாக வீட்டில் அந்தப் புதிய மெஷினை நோண்டிக்கொண்டிருந்தேன். எனக்கென்று ஒரு சிறு நிரல் எழுதி வைத்திருந்தேன். ஓடி முடிந்தபின், ஒவ்வொரு படியிலும் என்னென்ன மதிப்பு இருந்தது என்று அது வரிசையாக அச்சிடும். அசிங்கமான நிரல், என் மடிக்கணினியில் மட்டும்தான் ஓடும். அதைக் காட்ட வெட்கம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம் பாதி. மற்றப் பாதி, அது என்னிடம் மட்டும் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அட்டவணையின் முதல் பிரதியில் எல்லாம் இருந்தது. 'முதல்முறை பயன்படுத்துபவருக்கு எடுத்த நேரம்' என்று ஒரு வரி போட்டு, புதிய மெஷினுக்கு நேரே 'மூன்று நாள், ஐந்தில் இரண்டு' என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் படித்தாலே பழையதைத்தான் எடுப்பார்கள். எனக்குப் புதியது வேண்டும். அதைப் பற்றிப் பேசச் சொல்லி நிரலாளர் கூட்டம் ஒன்றிலிருந்து என்னைக் கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் நாங்கள் கடைசியாகப் போய்ச் சேர்ந்தவர்கள். நாட்டுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, வங்கிக்கு. ஒரு விஷயத்திலாவது மற்றவர்களுக்கு முதல் போய் நிற்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஒரே ஒருவருடைய அனுபவத்தை வைத்து எப்படி முடிவெடுப்பது என்று ஒரு நியாயமும் கையோடு கிடைத்தது. என்னுடைய 'ஒரே நாள்' என்பதும் ஒரே ஒருவருடைய அனுபவம்தான் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

அந்த வரியை அழித்தேன். டீபக்கர் என்ற வரியில் புதிய மெஷினுக்கு நேரே 'உண்டு, அடிப்படை நிலையில்' என்று எழுதினேன். என்னிடம் ஒன்று இருந்ததுதானே.

அலுவலகக் கூட்டத்தில் அட்டவணையைப் பெரிய திரையில் போட்டார்கள். தலைமைப் பொறியாளர் மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு அண்ணையின் பக்கம் திரும்பி, "உங்கள் அனுபவமும் இதுதானா?" என்று கேட்டார்.

அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டப்போய்த் திரையைப் பார்த்தார். தன் வரியைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்து மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"ஆம்" என்றார் ஆங்கிலத்தில். "கொஞ்சம் பழக வேண்டும். பழகினால் சரி."

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியாருக்கு முன்னால் எங்கள் ஆளை விட்டுக்கொடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் என்னைப் பற்றிக் குறை சொல்லும்போது அப்பா அவரிடம், "நோ, நோ, குட் பாய்" என்பார். வெளியே வந்து படிக்கட்டில் வைத்துத்தான் என் காதைத் திருகுவார். உள்ளே 'ஓம்', அதாவது ஆம்; படிக்கட்டில் சண்டை. அண்ணை ஓம் என்றுதான் சொல்வார் என்பது அட்டவணையிலிருந்து அந்த வரியை அழிக்கும்போதே எனக்குத் தெரியும். நான் அதை நம்பித்தான் அழித்தேன். இன்றைக்கும் என்னை அரிப்பது அழித்ததைவிட இந்த நம்பிக்கைதான்.

கூட்டம் முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது அண்ணை கேட்டார். "என்ன தம்பி, என்ர வரியைக் காணேல்லை?"

"இல்லை அண்ணை, ஒரு ஆளின்ர கணக்கை வச்சு எப்பிடி எண்டு..."

"சரி சரி. வெள்ளைக்காரிக்கு முன்னால எங்கட பெடியனை விட்டுக்குடுக்க ஏலுமே? வா, தேத்தண்ணி குடிப்பம்."

படிக்கட்டில்கூட அவர் சண்டை பிடிக்கவில்லை.

புதிய மெஷினை எடுத்தோம். அடுத்த மூன்று மாதமும் அண்ணையின் கொப்பியை நான் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தேன். கோடுகள் போட்டிருப்பார், கோடுகளுக்குள் எழுத ஒன்றும் கிடைத்திருக்காது. ஒரு மதிப்பைத் தெரிந்துகொள்ள நிரலுக்குள் ஓர் அச்சிடும் வரியைச் செருக வேண்டும், கம்பைலரில் போட்டு மெஷினுக்கேற்றபடி திரும்பவும் கட்ட வேண்டும், ஓட்ட வேண்டும், பார்க்க வேண்டும், பிறகு அடுத்த வரி. கட்டி முடிகிற இடைவெளியில் எழுந்து நின்று முழங்காலை மடக்கி நீட்டுவார். "ஷெட்டில நிண்டதை விடக் கூட நிக்கிறன்" என்று ஒருநாள் சிரித்தார். மன்னார்க் கழுதை பற்றிய பகிடி எப்போது நின்றதென்று எனக்குத் தெரியவில்லை.

நடுவில் கம்பைலரின் புதுப் பதிப்பு ஒன்று வந்தது. என் கருவியும் ஓடாமல் போனது. ஒரு சனிக்கிழமை பகல் முழுக்க இருந்து திருத்தினேன், எனக்கு மட்டும். அன்றைக்கே கொடுத்திருக்கலாம். ஆனால் "இதை எப்ப செய்தனீ?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாரமும் தாமதிக்கத் தாமதிக்க அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டு போனது.

பிறகு ஒரு பிழை எங்களைத் தாண்டிப் போய்விட்டது. காலம் முடிந்த பத்திரத்தையும் கைமாற்ற முடிந்தது. வெள்ளோட்டத்தில் வாடிக்கையாளரே அதைக் கண்டுபிடித்தார். அந்தப் பகுதியைப் பரிசோதித்தவர் அண்ணை. அந்த வியாழக்கிழமை தலைமைப் பொறியாளர் என்னைக் கூப்பிட்டார். "அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பதா என்று யோசிக்கிறேன். அவர் இப்போது மிக மெதுவாக இருக்கிறார். அவரோடு நெருக்கமாக வேலை செய்கிறவன் நீ. திங்கள் காலைக்குள் ஒரு பந்தி எழுதித் தா."

வெள்ளிக்கிழமை எழுதினேன். 'கவனமானவர், பொறுமையானவர். புதிய கருவிகளுக்குப் பழகக் கூடுதல் நேரம் எடுக்கிறார்.' ஒவ்வொரு சொல்லும் உண்மை. படித்துப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் கறுப்புப் பேனையோடு இருந்த ஒன்பது வயதுப் பையன் நிரப்பிய படிவம் போலவே இருந்தது. அனுப்பவில்லை, அழிக்கவுமில்லை.

சனிக்கிழமை பின்னேரம் எங்கள் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு முன் ஃபாதர் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்பார். பல மாதங்களுக்குப் பிறகு போய் முழங்காலில் நின்றேன்.

"என்ன மகன்?"

"ஒரு அட்டவணையில ஒரு வரியை எழுதாமல் விட்டிட்டன், ஃபாதர்."

"டாக்ஸ் விசயமோ?"

"இல்லை ஃபாதர். விர்ச்சுவல் மெஷின்."

"சூதாடுற மெஷினோ?"

"இல்லை, இல்லை." முடிந்தவரை விளக்கினேன். பழையது, புதியது, ஏழு, கொப்பி, ஓம் என்று சொன்னது. வெளியே வரிசையில் நின்றவர்கள் இருமத் தொடங்கிவிட்டார்கள்.

"உதெல்லாம் எனக்கு விளங்கேல்லை" என்றார் ஃபாதர். "அந்த ஆளுக்கு வேலை போகுமோ?"

"போகும்."

"உம்மாலையோ?"

"ஓம்."

"அப்ப என்னட்ட வந்து என்ன செய்யிறீர்? உம்மட மேலதிகாரி அம்மாவிட்டப் போய்ச் சொல்லும். சொல்லிப்போட்டு வாரும், மன்னிப்பு எங்கயும் ஓடாது."

பாவமன்னிப்பு இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவனாக எழுந்து வந்தேன். வரிசையில் நின்ற ஓர் அம்மா, இவ்வளவு நேரம் சொல்ல இந்தப் பெடியனிடம் என்ன இருந்தது என்ற முகத்தோடு என்னைப் பார்த்தார்.

திங்கள் காலை தலைமைப் பொறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழித்த வரியை, 'அடிப்படை நிலையில்' என்ற சொற்களை. அவர் கத்தவில்லை. "அந்தக் கருவி எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

"என் மடிக்கணினியில்."

"இவ்வளவு காலமும்?"

"ஆம்."

"மெஷினை இனி மாற்ற முடியாது. பத்திரங்கள் ஏறிவிட்டன. அது உனக்குத் தெரியும்." எழுந்தார். பிறகு கதவைத் திறந்து அண்ணையைக் கூப்பிட்டார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. பொறியாளரும் நானும் தனியாகப் பேசி முடிக்கும் விஷயம் என்று நினைத்திருந்தேன்.

நான் சொன்னதை அண்ணையிடம் சுருக்கமாகச் சொன்னார். பிறகு கேட்டார்: "அன்றைக்கு நான் உங்களிடம் நேரடியாகக் கேட்டேன். நீங்கள் ஏன் ஆம் என்றீர்கள்?"

எங்கட பெடியன் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? சொன்னாலும், பிழையைப் பிழை என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிற ஒருவர் அப்படிச் சொல்ல முடியுமா? அண்ணை கொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "மன்னிக்க வேண்டும்" என்றார். பொறியாளர் இன்னும் மூன்று மாதம் நீடிப்பதாகவும், நான் அந்தக் கருவியை ஒழுங்காக்கித் தருவேன் என்றும், அதோடு அவர் தொடரலாம் என்றும் சொன்னார். யோசித்துச் சொல்வதாக அண்ணை வெளியே போனார்.

படிக்கட்டில் அவரைப் பிடித்தேன்.

"அண்ணை."

"ஆர் உன்னைச் சொல்லச் சொன்னது?"

"உங்கட வேலை போகப்போகுது எண்டு..."

"என்ர வேலை என்ன? பிழை கண்டா பிழை எண்டு சொல்லுறது. நான் கண்டும் ஓம் எண்டனான். அது எனக்கும் உனக்கும் இடையில கிடந்தது. இனி அந்த வெள்ளைக்காரப் பிள்ளை நான் சொல்லுற எதை நம்பும்?"

"மன்னியுங்கோ அண்ணை. வரியை அழிச்சது..."

"வரியை விடு. வரி அழிச்சது எனக்கு அண்டைக்கே தெரியும். பெடியன் முன்னுக்கு வர நிக்கிறான், வரட்டும் எண்டு விட்டனான்." ஒரு படி இறங்கி நின்று திரும்பினார். "உன்னட்டச் சாமான் இருந்திருக்கு. நான் பக்கத்து மேசையில இருந்து ஏழு, ஏழு எண்டு மண்டையைப் போட்டு உடைக்கேக்க, உன்னட்ட அது இருந்திருக்கு. நீ பாத்துக்கொண்டு இருந்தனீ."

உண்மைதான். பாத்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்று மாத நீடிப்பை அவர் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மேசையைத் துடைத்துச் சுத்தமாக வைத்துவிட்டுப் போனார். கொப்பிகளை எல்லாம் கொண்டுபோனார். ஃபாதரிடம் நான் திரும்பிப் போகவில்லை. சொல்லியாகிவிட்டது என்று போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம். அப்பா ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு வான் ஓடுகிறார். ஹரோப் பக்கக் கடைகளுக்கும் சாமான் இறக்குவார். மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"உன்னோட வேலை செய்த அந்த யாழ்ப்பாணத்து மனுசனைக் கண்டன். நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டை வந்தவர்."

"எங்க?"

"பெற்றோல் ஷெட்டில. டீசல் அடிக்கப் போனன், உள்ளுக்க நிக்கிறார். என்னைக் கண்ட உடனே மட்டுக்கட்டிட்டார். தேத்தண்ணி எடுத்துத் தந்து, காசு வாங்கமாட்டன் எண்டிட்டார்."

"என்னைப் பற்றி ஏதும் சொன்னவரே?"

"சொன்னார், சொன்னார். உங்கட மகன் கெட்டிக்காரன், நல்லா வருவான் எண்டார்." அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நான் சொன்னன், எங்கட வீட்டில முதல் படிச்ச ஆள் அவன்தான் எண்டு."

அப்பாவுக்கு முன்னாலும் அவர் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. அம்மா எனக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தார். அப்பா என்னிடம், ஏன் அந்த மனுசன் அங்கே நிற்கிறார் என்று கேட்டார். தெரியாது என்றுகூட நான் சொல்லவில்லை. மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா வேறு கதைக்குப் போய்விட்டார். அந்தப் பெட்டியையும் வெறுமையாகத்தான் விட்டேன்.

அதற்கடுத்த கிழமையிலிருந்து அந்தக் கருவியை உண்மையாகவே செய்யத் தொடங்கினேன். அலுவலகத்தில் அதற்கென்று கிழமைக்கு இரண்டு நாள் தந்திருந்தார்கள், அதுவரை நான் பெயருக்குத்தான் செய்துகொண்டிருந்தேன். சனி ஞாயிறுகளையும் சேர்த்துக்கொண்டேன். யாருடைய கணினியிலும் ஓடும்படி மாற்றினேன், எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதினேன். நிறுவனத்தின் சம்மதத்தோடு யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டேன். அண்ணையின் வாட்ஸ்அப் இலக்கத்துக்கு இணைப்பை மட்டும் அனுப்பினேன். வேறு என்ன எழுதினாலும் அது மன்னிப்புக் கேட்பது போலவோ பெருமையடிப்பது போலவோ இருந்தது. இரண்டு நீலச் சரி அடையாளங்கள் வந்தன. பதில் வரவில்லை.

பதினொரு நாள் கழித்து, கருவியின் இணையப் பக்கத்தில் முதலாவது பிழை அறிக்கை வந்தது. அனுப்பியவரின் பெயர் வெறும் எழுத்தும் எண்களும், படம் இல்லை. ஆனால் படிகளுக்கு இலக்கம் போட்டிருந்த விதத்தைப் பார்த்ததும் அந்தக் கோடு போட்ட கொப்பி கண்ணுக்குள் வந்தது. ஆங்கிலத்தில், வணக்கமோ பெயரோ இல்லாமல் இருந்தது.

'ஒன்று: விளக்கக் குறிப்பைப் படித்தேன். இரண்டு: முதல் வரியில் இது டீபக்கர் என்று இருக்கிறது. மூன்று: ஓட்டினேன். எதிர்பார்த்தது: நினைத்த வரியில் நிறுத்தி, ஒரு படி முன்னால் போய், மதிப்பைப் பார்க்கலாம். நடந்தது: எல்லாம் ஓடி முடிந்தபின் மதிப்புகளை அச்சிடுகிறது. இது டீபக்கர் இல்லை.'

பெரிய திரைக்குக் கிட்டப்போய்க் கண்ணாடியை ஏற்றிப் பார்த்த அன்றைக்கு அவர் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். இப்போது சொல்லியிருக்கிறார், உலகத்தில் யாரும் படிக்கக்கூடிய இடத்தில். டீபக்கர் என்ற சொல்லை அழித்தேன். 'ஓடி முடிந்த நிரலின் மதிப்புகளை அச்சிடும் கருவி. நடுவில் நிறுத்த முடியாது' என்று எழுதினேன். திருத்திவிட்டேன் என்று பதில் போட்டேன். அண்ணை என்று முடிக்க விரல் போனது. போடவில்லை. அங்கே அவர் எனக்கு அண்ணையாக வரவில்லை, பிழை சொல்ல வந்திருந்தார்.

ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது. 'பார்த்தேன். சரி. அறிக்கையை மூடுகிறேன்.'

அதன் கீழே இரண்டாவது அறிக்கை ஏற்கெனவே வந்து கிடந்தது. 'நிறுத்தம் 7 என்று வருகிறது. நிரலில் ஏழு நான்கு இடத்தில் இருக்கிறது. எந்த ஏழு என்று கருவி சொல்லவில்லை.'

அவர் இன்னும் ஷெட்டில்தான் நிற்கிறாரா என்று எனக்குத் தெரியாது. அப்பாவைக் கேட்டால் தெரியும். கேட்டால் அப்பாவுக்கும் முழுவதையும் சொல்ல வேண்டும். இந்தக் கிழமை சொல்வதாக இருக்கிறேன். இரண்டாவது அறிக்கையைத் திருத்துவது நான் நினைத்ததைவிடக் கடினம். மூன்று சனிக்கிழமைகளாக அதில்தான் இருக்கிறேன். நான்கு ஏழுகளில் மூன்றை இப்போது கருவி சரியாகக் காட்டுகிறது. நான்காவதை இன்னும் காட்டவில்லை. அறிக்கையின் கீழே அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.